மூன்று பேர் சொன்ன ஒரே எண்

சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியில் மடிக்கணினி இருந்தது. மறு பாதியில் கழுவாத தேநீர்க் குவளையும் அப்பாவின் மாத்திரை டப்பாவும் கிடந்தன. சற்றுத் தள்ளி, சன்னலோர நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். அவர் மூக்கில் மாட்டியிருந்த மெல்லிய குழாய் தரையில் வளைந்து நெளிந்து போய் மூலையில் இருந்த ஆக்சிஜன் மெஷினில் முடிந்தது. மாவு அரைக்கும் ஆலையில் காலமெல்லாம் தூசியைச் சுவாசித்த நுரையீரல் அது. மெஷின் இல்லாமல் அவரால் அரை மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியாது. அது நாள் முழுக்க ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருக்கும். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அந்தச் சத்தம் தலைவலி. அவர் மகளுக்கு அந்தச் சத்தம் கேட்டால்தான் நிம்மதி.

மகளுக்கு அலுவலகத்தில் பெயர் சல்லடை. எதைக் கொடுத்தாலும் சலித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவர் கையில் தருவாள் என்பதால் வந்த பெயர் அது. கேலியாக வைத்ததுதான். ஆனால் அவளுக்கு உள்ளூரப் பெருமை. தனியாக வாழும் முதியவர்களுக்கான ஒரு தொலைபேசி உதவி மையத்தில் அவளுக்கு வேலை. குழாய் ஒழுகுகிறது, காதுக் கருவி வேலை செய்யவில்லை, எந்த அலுவலகத்துக்குப் போவது என்று யாராவது கூப்பிட்டால், யாரிடம் பேச வேண்டும் என்று எண் கொடுக்க வேண்டும். அப்பாவைத் தனியே விட முடியாது என்பதால் அழைப்புகளை அவள் கைபேசிக்கே திருப்பிவிட்டு, வீட்டிலிருந்தே வேலை பார்க்க விட்டிருந்தார்கள்.

அந்த வேலையில் அவளுக்குப் பிடிக்காத ஒன்று உண்டு. மையத்தின் பட்டியலில் இருக்கும் எண்கள் ஒவ்வொன்றையும் அவ்வப்போது தானே அழைத்து, இது இன்ன கம்பெனிதானா, இன்னும் இதே எண்தானா என்று கேட்டு உறுதி செய்ய வேண்டும். சிலர் எரிந்து விழுவார்கள். சிலர் பாட்டைப் போட்டுக் காக்க வைத்துவிட்டு அப்படியே மறந்துபோவார்கள். தொண்டைத் தண்ணீர் வற்றிப்போகும் அந்த வேலைக்கு ஒரு முடிவு வராதா என்று அவள் ஏங்கிக்கொண்டிருந்தபோதுதான் மேலாளர் புதிய திட்டத்தோடு வந்தார்.

செயற்கை நுண்ணறிவுத் தேடுபொறிகள் வந்துவிட்டன, இனி பட்டியலும் வேண்டாம், அழைத்து உறுதி செய்வதும் வேண்டாம் என்றார். பழைய தேடுபொறி பத்துப் பக்கங்களைக் காட்டிவிட்டு நீயே படித்துக்கொள் என்று ஒதுங்கிவிடும். புதியவை தாமே படித்து, இதுதான் விடை என்று நாலு வரியில் சொல்லிவிடும். மூன்றைச் சோதனைக்கு வாங்கியிருந்தார். எதை வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பிட்டுச் சொல்லும் பொறுப்பு சல்லடைக்கு வந்தது.

அவள் மூன்றுக்கும் பெயர் வைத்தாள். கேள்வியை முடிப்பதற்குள் விடையைக் கொட்டும் முதலாவது, அவசரக்காரன். இலக்கணம் பிசகாமல் நிதானமாக விளக்கும் இரண்டாவது, வாத்தியார். ஒவ்வொரு வரிக்கும் கீழே, இந்தத் தகவல் இங்கிருந்து வந்தது என்று பக்கங்களின் பெயரைப் போடும் மூன்றாவது, சாட்சிக்காரன். வேகம், மொழி, தெளிவு என்று மதிப்பெண் போட்டாள். சாட்சிகள் எத்தனை என்றும் எண்ணினாள். எண்ணினாளே தவிர, ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. விடை சரியா தவறா என்று பார்க்க அவளே ஒரு விதி கண்டுபிடித்தாள். மூன்றும் ஒரே விடையைச் சொன்னால் அது சரி. மேலாளருக்கு அந்த விதி மிகவும் பிடித்துப்போனது. மூன்று பேர் ஒன்றைச் சொன்ன பிறகு நாலாவது ஆளை எதற்குக் கேட்க வேண்டும் என்று சிரித்தார். உண்மையாக வரும் அழைப்புகளுக்கே அப்படி விடை கொடுத்துப் பார்க்கவும் சொன்னார். அவளும் அந்த வாரம் முழுவதும் அப்படியே கொடுத்துவந்தாள்.

அந்த வாரக் கடைசியில் ஒரு காலை அழைப்புகள் வேறொருவருக்குப் போயின. இவள் ஒப்பீட்டை எழுதி முடிக்க உட்கார்ந்திருந்தாள். திரையில் வெயில் அடித்ததால் தான் உட்கார்ந்திருந்த, சக்கரம் வைத்த அலுவலக நாற்காலியை மேசையின் அந்தப் பக்கத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். அப்பா கண்ணை மூடியிருந்தார். வாத்தியாரைத் தேர்ந்தெடுப்பதா, சாட்சிக்காரனையா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மெஷின் கத்தியது.

கீச்சென்று விடாமல் கத்தியது. சிவப்பு விளக்கு எரிந்தது. அப்பா திடுக்கிட்டு விழித்து, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் பாய்ந்து போய் மெஷினை அணைத்துப் போட்டாள். மறுபடியும் கத்தியது. மூலையில் இருந்த அவசரத்துக்கான சிறிய சிலிண்டரை இழுத்து வந்து, மெஷினிலிருந்து குழாயைக் கழற்றி அதில் சொருகித் திருகைத் திறந்தாள். சிலிண்டரின் அளவு முள் அசைந்தது. ஆனால் அப்பாவின் முகம் தெளியவில்லை. தோள்கள் ஏறி ஏறி இறங்கின. சிலிண்டரும் காலியோ என்று முள்ளை மறுபடி பார்த்தாள்.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாம். பதற்றத்தில் அவள் புத்தி வேறு பக்கம் ஓடியது. மெஷின்தான் கெட்டது, மெஷின் கம்பெனியைக் கேட்டால் ஒரு வார்த்தையில் சரி செய்துவிடுவார்கள் என்று நினைத்தாள். கம்பெனி கொடுத்த காகிதங்கள் பீரோவுக்குள் எங்கோ இருந்தன. மடிக்கணினி கண் எதிரே திறந்திருந்தது. கம்பெனியின் பெயரைப் போட்டு, பழுதுபார்க்கும் எண் என்ன என்று மூன்றிலும் கேட்டாள். அந்த நிலையிலும் மூன்றிலும் கேட்டாள். மூன்றும் ஒரே எண்ணைச் சொல்லின. கடவுளே, கிடைத்துவிட்டது என்று அந்த எண்ணை அழுத்தினாள்.

ஒரே மணியில் எடுத்தான் ஒருவன். குரலில் அவ்வளவு மரியாதை. கவலைப்படாதீர்கள் என்றான். மெஷினின் மாடல் கேட்டான். உள்ளே சென்சார் மக்கர் செய்கிறது, ஆள் வரத் தேவையில்லை, இங்கிருந்தே சரி செய்துவிடலாம் என்றான். அதற்குக் கைபேசியில் ஒரு செயலியை ஏற்ற வேண்டும் என்று ஓர் இணைப்பை அனுப்பினான். அவள் ஏற்றினாள். அனுமதி, அனுமதி என்று அது கேட்டதற்கெல்லாம் அழுத்திக்கொண்டே போனாள். அடுத்து, பதிவுக்காக ஒரு சின்னத் தொகை கட்ட வேண்டும், வங்கிச் செயலியைத் திறங்கள் என்றான்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். உதட்டோரம் நீலம் பாய்ந்திருந்தது. பேச மூச்சில்லாமல் அவர் கையை மட்டும் அசைத்தார். அந்தக் கணத்தில்தான் அவளுக்கு ஒன்று உறைத்தது. இவ்வளவு நேரம் பேசியவன், நோயாளி எப்படி இருக்கிறார் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

"நீங்க யாரு?" என்றாள்.

"மேடம், நேரத்தை வீணாக்காதீங்க. பேங்க் ஆப்பைத் திறங்க."

அவள் அழைப்பைத் துண்டிக்கப் பார்த்தாள். விரல் பட்ட இடம் அசையவில்லை. திரை தானாக நகர்ந்தது. யாரோ கண்ணுக்குத் தெரியாத ஒருவன் அவள் கைக்குள்ளேயே உட்கார்ந்து, அவள் கைபேசியின் ஒவ்வோர் அறையாகத் திறந்து பார்ப்பதுபோல் பக்கங்கள் மாறின. பிறகு திரை முழுக்கக் கறுப்பானது. குரல் மட்டும் நிற்கவில்லை.

"போனைத் தொடாதீங்க மேடம். தொட்டீங்கன்னா மெஷின் மொத்தமா நின்னுடும். அப்புறம் உங்க ஆளுக்கு நான் பொறுப்பில்லை."

இதைச் சொல்லும்போதும் அவன் குரல் உயரவில்லை. அந்த மரியாதை மாறவே இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. வீட்டில் இருந்த ஒரே தொலைபேசி அது. ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டுமானால் அதில்தான் கூப்பிட வேண்டும். அது இப்போது அவளுடையதாக இல்லை. மடிக்கணினியில் யாருக்காவது செய்தி அனுப்பலாம் என்பதுகூடத் தோன்றவில்லை. மெஷின் நிஜமாகவே இவன் கையில் இருக்கிறதோ என்று ஒரு மனம் நம்பியது. அப்பாவை விட்டுவிட்டு வெளியே ஓடினால், திரும்பி வரும்போது அவர் இருப்பாரோ இல்லையோ என்று இன்னொரு மனம் கால்களைக் கட்டிப் போட்டது.

அப்பாதான் வாசல் பக்கம் கையைக் காட்டினார். போ என்று வாயசைத்தார்.

எதிர் வீட்டில் பஸ் டிரைவர் ஒருவர் குடியிருந்தார். அன்று அவருக்கு விடுமுறை. கதவு உடைவதுபோல் தட்டிய சத்தத்தில், சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் வந்து திறந்தார். அவள் "அப்பா" என்று மட்டும் சொன்னாள். அவர் அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை. தன் கைபேசியில் ஆம்புலன்ஸை அழைத்துக்கொண்டே அவள் வீட்டுக்குள் நுழைந்தார். மேசையில் கிடந்த கைபேசி இன்னமும் மேடம், மேடம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதன் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துத் தூரப் போட்டார். பிறகு அப்பாவின் முதுகைத் தாங்கி முன்னால் சாய்த்து உட்கார வைத்து, "மெதுவா இழுங்க ஐயா, வந்துட்டாங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டி வர எவ்வளவு நேரம் ஆனது என்று அவளுக்குத் தெரியாது. அப்பாவின் மார்பு ஏறுவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒவ்வொரு முறை இறங்கும்போதும், இனி ஏறுமா என்று காத்திருந்தாள்.

ஆம்புலன்ஸில் வந்த நர்ஸ் முதலில் தன் சிலிண்டரையும் முகமூடியையும் மாட்டினார். அப்பாவின் உதட்டில் நிறம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. பிறகு அந்த நர்ஸ் மூக்கிலிருந்த பழைய குழாயைக் கையில் பிடித்துத் தடவிக்கொண்டே போனார். அது மேசைக்கு அடியில் போய், அவள் இழுத்துப் போட்ட நாற்காலியின் சக்கரத்தில் சிக்கி, இரண்டாக மடிந்து கிடந்தது. மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. காற்று போக வழியில்லை என்றுதான் அது கத்தியிருக்கிறது. சிலிண்டரும் நிறைந்துதான் இருந்தது. அதே குழாயை மாட்டியதால் அதுவும் பயன்படாமல் போயிருக்கிறது.

மருத்துவமனையில் அப்பாவை உள்ளே கொண்டுபோனார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் நிலைமை வேறாகியிருக்கும் என்றார் டாக்டர். கூடவே வந்திருந்த டிரைவர் தன் கைபேசியிலிருந்தே வங்கியை அழைத்து அவள் கணக்கை முடக்கச் செய்தார். எல்லாம் அடங்கி, வார்டுக்கு வெளியே நாற்காலியில் சாய்ந்தபோதுதான் இரண்டாவது பயம் அவளைப் பிடித்தது. முதல் பயத்தைவிட இது மோசமாக இருந்தது.

இந்த வாரம் முழுவதும் தான் எத்தனை பேருக்கு இப்படி எண் கொடுத்தேன் என்று நினைத்தாள். எல்லாமே மூன்றும் சேர்ந்து சொன்ன எண்கள். ஒன்றைக்கூட அழைத்துப் பார்க்கவில்லை.

பையில் எடுத்து வந்திருந்த மடிக்கணினியைத் திறந்தாள். மெஷின் கம்பெனி எண்ணுக்குச் சாட்சிக்காரன் காட்டிய பக்கங்களை முதல் தடவையாகத் திறந்து பார்த்தாள். கம்பெனியின் சின்னத்தைப் பெரிதாகப் போட்டு, யாரோ புதிதாகக் கட்டியிருந்த பக்கம் அது. அடுத்த சாட்சி அதே பக்கத்தின் நகல். அதற்கடுத்ததும் அதே. எழுத்துப் பிழைகூட மாறவில்லை. அவசரக்காரனையும் வாத்தியாரையும் எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டாள். அவையும் அதே பக்கத்தைக் காட்டின. கம்பெனியின் உண்மையான தளத்தில் எண் எங்கோ ஆழத்தில் புதைந்து கிடந்தது. மோசடிக்காரன் தன் எண்ணை நாலு இடத்தில் தூவிவிட்டுக் காத்திருந்திருக்கிறான். மூன்று இயந்திரங்களும் அதைப் பொறுக்கி வந்து, நல்ல மொழியில், துளிச் சந்தேகமில்லாமல் அவளிடம் கொடுத்திருக்கின்றன. பொறுக்கி வந்ததை அவள் சலிக்கவே இல்லை.

தான் கொடுத்த எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பெரும்பாலானவை பழைய பட்டியலோடு பொருந்தின. ஒன்று பொருந்தவில்லை.

அது தட்டச்சு அம்மாவுக்குக் கொடுத்த எண். ஓய்வு பெற்ற தட்டச்சர், தனியாக இருப்பவர். அடிக்கடி மையத்தை அழைப்பார். கடிதம் சொல்லி எழுதவைப்பதுபோல் நிறுத்தி நிறுத்திப் பேசுவார் என்பதால் எல்லாருக்கும் அவரைத் தெரியும். முந்தின நாள், சமையலறையில் கேஸ் வாசனை வருகிறது என்று கூப்பிட்டிருந்தார். சன்னலைத் திறந்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு, மூன்றும் ஒப்புக்கொண்ட கேஸ் கம்பெனி எண்ணைக் கொடுத்திருந்தாள். பிறகு என்ன ஆனது என்று கேட்கவில்லை.

டிரைவரின் கைபேசியை வாங்கி அழைத்தாள். மணி அடித்து அடித்து நின்றது. மீண்டும் அழைத்தாள். எடுக்கவில்லை. மூடிய வீடும், கேஸ் நிறைந்த சமையலறையும், யாரோ ஒரு சுவிட்சைப் போடுவதும் அவள் கண் முன்னால் வந்து வந்து போயின. டிரைவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, முகவரி தெரியுமா, போய்ப் பார்த்துவிடலாமா என்று கேட்டார். அவள் கடைசியாக ஒரு தடவை என்று அழைத்தாள்.

"யாரது?" என்றது அந்த நிதானமான குரல்.

அவள் தான் யார் என்று சொன்னாள். அந்த எண்ணை அழைத்தீர்களா என்று கேட்டாள். அழைத்ததாகவும், எடுத்தவன் ஏதோ செயலியை ஏற்றச் சொன்னதாகவும், தன்னிடம் இருப்பது பழைய பட்டன் போன் என்று சொன்னதும் எரிந்து விழுந்து வைத்துவிட்டதாகவும் அவர் சொன்னார். வெளி வராந்தாவில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டதால்தான் மணிச் சத்தம் உடனே கேட்கவில்லையாம்.

"வாசனை இன்னும் வருதாம்மா?"

"வருது கண்ணு. அதான் உள்ளே போகாம இங்கேயே உக்காந்திருக்கேன். ராத்திரியும் இங்கேதான். வேற யாரையாவது கேட்டிருப்பேன். ஆனா நீ குடுத்த நம்பராச்சே, தப்பா இருக்காதுன்னு அதையே மறுபடி மறுபடி அடிச்சுக்கிட்டிருந்தேன்."

உள்ளே போகாதீர்கள், எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள், நான் ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு, உடனே தீயணைப்புத் துறையை அழைத்து முகவரியைக் கொடுத்தாள். அவர்கள் போய்ச் சேர்ந்து, அடுப்புக் குழாயில் வெடிப்பு இருந்தது, மூடிவிட்டோம், அம்மா பத்திரம் என்று சொல்லும்வரை அவள் உட்காரவில்லை. அந்த மோசடிக்காரனைவிட, நீ குடுத்த நம்பராச்சே என்ற அந்த வார்த்தைதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. அவளுடைய நல்ல பெயரை நம்பி ஓர் உயிர் இரவெல்லாம் கேஸ் வாசனைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறது.

அப்பா இரண்டொரு நாளில் வீடு திரும்பினார். அதன் பிறகு மேலாளர் ஒப்பீட்டைக் கேட்டு எல்லாரையும் கூட்டினார். நடந்தது அவருக்குத் தெரியும். வருத்தமும் தெரிவித்திருந்தார். ஆனாலும் மூன்றில் எது இப்படி ஏமாற்றாதது, அதை வாங்கிவிடலாம் என்று அவர் மனம் இன்னமும் அங்கேயே நின்றது.

அவள் எழுந்து நின்றாள். தான் போட்ட மதிப்பெண்களை எல்லாம் கிழித்துப் போட்டுவிட்டதாகச் சொன்னாள். வேகத்துக்கும் மொழியழகுக்கும் மதிப்பெண் போட்டது தன் முட்டாள்தனம் என்றாள். வாங்குவதானால் சாட்சிக்காரனை வாங்கலாம், அது எங்கிருந்து எடுத்தது என்பதைக் கண் எதிரே வைக்கிறது, ஆனால் அந்தப் பக்கங்களைத் திறந்து பார்க்க நேரமில்லை என்றால் அதையும் வாங்க வேண்டாம் என்றாள். எந்த எண்ணையும் முதலில் மையத்திலிருந்து அழைத்து உறுதி செய்த பிறகே முதியவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றும், உயிர் போகிற காரியம் என்றால் எதிலும் தேடாமல் நேரே அவசர உதவியை அழைக்கச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னாள்.

மேலாளருக்கு ஒரு விஷயம் மட்டும் விளங்கவில்லை. "மூணுமே ஒண்ணைத்தானே சொல்லிச்சு. அதுக்கு மேல நாம வேற என்ன பார்க்க முடியும்?" என்றார்.

"மூணு கண்ணாடியில ஒரே முகம் தெரிஞ்சா, அங்க மூணு ஆள் இருக்காங்கன்னு அர்த்தமில்லை சார்," என்றாள் அவள். "நான் கண்ணாடியை எண்ணிக்கிட்டு இருந்தேன். ஆளைப் பார்க்கவே இல்லை. தேடித் தர்றது அதோட வேலை. நம்பலாமான்னு பார்க்கிறது நம்ம வேலை. அந்த வேலையை அதுங்க தலையில கட்டிட்டு நாம சும்மா இருக்க முடியாது. ஏன்னா தப்பு நடந்தா மூச்சு முட்டப்போறது அதுங்களுக்கு இல்லை, எங்கப்பாவுக்கு."